பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ்: ஆபீசுக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி தேடுபவர்களுக்கு

வாரத்தில் ஆறு நாள் தார் ரோடு, ஏழாவது நாள் தோட்டத்துக்குப் போகும் செம்மண் ஏற்றம். கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் வீடோ காடோ வைத்துக்கொண்டு, கீழே கோவையிலோ சேலத்திலோ வேலை பார்ப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் இதுதான். ஐப்பசி மழையில் கடைசி அரை கிலோமீட்டர் ஏறுவதற்குத்தான் அவர்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். மற்ற நேரமெல்லாம் அது சாதாரணக் காராக நடந்துகொள்ள வேண்டும்: பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், வயதானவர்கள் முட்டி வலிக்காமல் ஏறி இறங்க வேண்டும், டீசல் செலவு சம்பளத்தைத் தின்னக் கூடாது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் முதலில் பார்க்க வேண்டியது ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் டீசல்தான். ஆனால் சரியாகப் பராமரித்த வண்டியாக இருக்க வேண்டும். பராமரிக்காத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

டஸ்டர் இந்தியாவுக்கு வந்தது 2012 ஜூலையில். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் ஆலையில் தயாரானது. ஆல் வீல் டிரைவ் மாடல் 2014இல் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு டீசல் இன்ஜினும் போனது, ஆல் வீல் டிரைவும் போனது. ஆக, தேட வேண்டியது 2014க்கும் 2020க்கும் இடைப்பட்ட வண்டி. 110 குதிரைசக்தி டீசலில், ஆறு கியர் மேனுவலில் மட்டுமே இது கிடைத்தது. 85 குதிரைசக்தி டீசலில் கிடையாது, பெட்ரோலில் கிடையாது, கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டியில் கிடையாது. உடன்பிறந்த நிசான் டெரானோவிலும் இந்தியாவில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கி கதவில் ஆல் வீல் டிரைவ் எழுத்தை ஒட்டி வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஆர்சி புக்கில் மாடல் பெயரைப் படியுங்கள். நடு கன்சோலில் டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை உள்ள திருகு இருக்கிறதா பாருங்கள். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள்: இன்ஜினிலிருந்து பின்பக்கம் சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஓட வேண்டும், பின் சக்கரங்களுக்கு நடுவில் அந்தச் சக்தியை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டியான க்ரௌன் ஹவுசிங் தொங்க வேண்டும். திருகு, ஷாஃப்ட், க்ரௌன் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மேலே பேச வேண்டியதில்லை.

ஆல் வீல் டிரைவுக்கும் பழைய பாணி ஃபோர் பை ஃபோருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்கார்ப்பியோ, சஃபாரி ஸ்டார்ம், தார், ஜிம்னி, ஜிப்சி எல்லாம் பார்ட் டைம் வகை. அவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர் வீலில் போட்டுவிட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் கனக்கும், வண்டி முண்டும், இறுக்கம் முழுவதும் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்ட் ஜாயிண்டிலும் ஏறும். அதனால் இந்த வண்டிகள் தார் ரோட்டில் டூ வீலில்தான் ஓட வேண்டும். மழையில் நனைந்து, திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடக்கும் மலைப்பாதையில் எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று ஓட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாலு பேர் மாறி மாறி ஓட்டும் வண்டியில் இது தொல்லை.

டஸ்டரில் அந்த முடிவை வண்டியே எடுக்கும். ஆட்டோவில் வைத்தால் சாதாரண ஓட்டத்தில் முன் சக்கரங்கள்தான் இழுக்கும். முன் சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் பின் க்ரௌனுக்கு முன்னால் இருக்கும் மின்காந்தக் கப்ளிங் பிடித்து, பின் சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பும். லாக்கில் போட்டால் முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி. வேகம் கூடினால் தானாக ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். கடும் ஏற்றத்தில் மெல்ல ஊர்வதற்கான கூடுதல் குட்டை கியர் வரிசையான லோ ரேஞ்ச் கிடையாது. அதற்குப் பதிலாக முதல் கியரையே மிகக் குட்டையாக வைத்திருக்கிறார்கள்: விகிதம் 4.45, ஆயிரம் ஆர்பிஎம்மில் வண்டி மணிக்கு 6 கி.மீ.கூடப் போகாது. ஈரச் செம்மண் ஏற்றத்தில் கிளட்சை அரைக் கால் மிதித்துத் தேய்க்காமல் ஊர்ந்து ஏற இது போதும். இறங்கும்போதும் முதல் கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியர் போட்ட உடனே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். டவுன் சிக்னலில் முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும். சமதளத்தில் பலர் இரண்டாவதிலேயே வண்டியை எடுப்பார்கள். கிளட்சுக்கு அது நல்லதல்ல.

தார் ரோட்டில் இந்த வண்டியின் பெரிய பலம் பின் சஸ்பென்ஷன். முன் சக்கர டிரைவ் டஸ்டரில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம். ஆல் வீல் டிரைவில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனித்தனி மல்டி லிங்க். குழி விழுந்த ரோட்டில் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் இடுப்பில் தெரியும். தரை இடைவெளி 210 மி.மீ. வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசியிலும் குழந்தைகளுக்கு வாந்தி வராமல் ஏற்றிச் செல்ல, அந்த விலையில் கிடைக்கும் உயரமான வண்டிகளில் இதைவிட அடக்கமாக நடந்துகொள்வது குறைவு. பட்டன் போட்டால் ஃபோர் வீல் விழும், தனிச் சட்டத்தின் மேல் பாடி வைத்த லேடர் ஃப்ரேம் வண்டிகளில் அதே வளைவுகளில் பின் சீட்காரர் கைப்பிடியை விடமாட்டார்.

விட்டுக்கொடுக்க வேண்டியதும் உண்டு. ஐந்து பேருக்குத்தான் இடம். பின் அச்சும் ஸ்டெப்னியும் இடத்தை எடுத்துக்கொள்வதால் டிக்கி 475 லிட்டரிலிருந்து 410 லிட்டராகக் குறைகிறது. ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில் உள்ளே இருக்கிறது. பஞ்சர் ஆனால் சாமான் முழுவதையும் இறக்கித்தான் எடுக்க வேண்டும். கிளட்ச் கனமாக இருக்கும், அதனால் முட்டி பிரச்சினை உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ தூங்கும், ஏற்ற வளைவில் கியரைக் குறைத்தே ஆக வேண்டும். பாதுகாப்பு விஷயத்தில் 2017இல் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்தபோது ஏர்பேக் இல்லாத டஸ்டருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியமும், டிரைவர் ஏர்பேக் உள்ளதற்கு மூன்று நட்சத்திரமும் கிடைத்தன. பார்க்கும் வண்டியில் இரண்டு ஏர்பேக்கும், வண்டி வழுக்கித் திரும்புவதைத் தடுக்கும் இஎஸ்பியும் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இக்னிஷன் போட்டதும் அந்த விளக்குகள் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த வசதியே வண்டியில் இல்லை, அல்லது விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சின்னக் குழந்தை இருந்தால் பின் சீட்டு இடுக்கில் கையை விட்டு குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜின் 1,461 சிசி கே9கே டீசல். 110 குதிரைசக்தி, 245 நியூட்டன் மீட்டர். இதே இன்ஜின் குடும்பம்தான் லோகன், வெரிட்டோ, மைக்ரா, சன்னி, டெரானோ எல்லாவற்றிலும் ஓடியது. அதனால் ஃபில்டர், பெல்ட், சென்சார் போன்றவை கோவை, மதுரை, சென்னை ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கும். இதை நன்றாகத் தெரிந்த தனி மெக்கானிக்குகளும் உண்டு. ஊருக்கு நடுவில் லிட்டருக்கு 13, 14 கி.மீ., நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 17, 18 எதிர்பார்க்கலாம்.

இந்த இன்ஜினைக் கொல்வது இரண்டு விஷயம். ஒன்று டைமிங் பெல்ட். செயின் இல்லை, ரப்பர் பெல்ட். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி ஹெட்டைப் பிரிக்க வேண்டிவரும். 80,000 முதல் 1 லட்சம் கி.மீ.க்குள், அல்லது ஐந்தாறு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். பலர் கிலோமீட்டரை மட்டும் பார்த்து வருடத்தை மறந்துவிடுகிறார்கள். 2015 வண்டி 60,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பெல்ட்டைத் தொடவே இல்லை என்று பெருமையாகச் சொன்னால், அந்த பெல்ட்டுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வாட்டர் பம்ப்பை ஓட்டுவதும் இதே பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது நார் நாராகக் கிழிந்தால் டைமிங் கவருக்குள் புகுந்து கெடுக்கும்.

இரண்டாவது, ஆயில். தள்ளித் தள்ளி ஆயில் மாற்றிய கே9கேயில், பிஸ்டன் ராடை க்ராங்க்கோடு சேர்க்கும் பிக் எண்ட் பேரிங் தேயும். சர்வீஸ் ரெக்கார்டில் 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயில் மாற்றியது வரிசையாக இருக்க வேண்டும். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் வண்டியைப் பார்க்கப் போங்கள். போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டால் தெரிந்துவிடும். அப்படியிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவது நல்லது. ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து டொக் டொக் என்று கனமான சத்தம் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கூடினால் அது பேரிங். நீலப் புகை ஆயில் எரிவது. ஓட்டத்தில் கறுப்புப் புகையும், இழுவையில்லாத தன்மையும், விசில் சத்தமும் சேர்ந்து வந்தால் முதலில் டர்போ ஹோஸில் கீறல் இருக்கிறதா பாருங்கள். இன்டர்கூலர் ஹோஸ் இணைப்பில் கொஞ்சம் ஆயில் பிசுபிசுப்பு இருப்பது சாதாரணம், சொட்டுவது சாதாரணம் அல்ல. ஊருக்குள்ளேயே ஓடிய வண்டியில், புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திணறும். அது சுத்தம் செய்யக்கூடிய விஷயம்தான், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம்.

கிளட்சைச் சோதிக்க, சமதளத்தில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது. இதில் அதிர்வைக் குறைக்க இரண்டு பாகமாகச் செய்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கிறது. நியூட்ரலில் கடகடவென்று ஆடி, கிளட்சை மிதித்தால் சத்தம் மாறினால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளட்ச் செட்டோடு ஃப்ளைவீலும் வந்தால் செலவு இரட்டிப்பாகும். உயர்ந்த கியரில் 1,200 ஆர்பிஎம்மில் இழுத்து இழுத்து ஓட்டுபவர்களிடம்தான் அது சீக்கிரம் போகும்.

இனி, முன் சக்கர டஸ்டருக்குத் தேவைப்படாத சோதனை. இதற்குத்தான் பெரும்பாலானவர்கள் நேரம் ஒதுக்குவதில்லை.

டயரிலிருந்து தொடங்குங்கள். நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். 215/65 ஆர்16தான் அளவு. டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் டெப்த் கேஜ் ஒன்றை எடுத்துப்போய், ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் 3 மி.மீ., பின்னால் புத்தம்புது 8 மி.மீ. என்று இருந்தால் சக்கரச் சுற்றளவே மாறிவிடுகிறது. நேர் ரோட்டில்கூட முன் சக்கரம் அதிகம் சுற்றுகிறது. முன் சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு கப்ளிங்கைப் பிடித்துப் பிடித்து விடும். கப்ளிங் சூடாகும், கிளட்ச் தகடுகள் தேயும், ஃபோர் வீல் எச்சரிக்கை விளக்கு வரும். இப்படி மாதக்கணக்கில் ஓடிய வண்டியில் கெட்டது டயர் மட்டுமாக இருக்காது. பின் டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் மல்டி லிங்க் புஷ் போயிருக்கலாம், அல்லது அலைன்மென்ட் சரியில்லை. முன் சக்கரத்துக்கு மட்டும் அலைன்மென்ட் பார்த்து அனுப்பும் கடைகள் இந்த வண்டிக்கு உதவாது, நாலு சக்கரத்துக்கும் பார்க்க வேண்டும்.

அடுத்தது லிஃப்ட். வண்டியைத் தூக்கிக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் யூனிட்டின் சீல் ஓரம், பின் க்ரௌனின் இரு பக்க சீல், கப்ளிங் சேரும் இடம் இந்த மூன்றிலும் ஆயில் கசிவு இருக்கக் கூடாது. வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று இருந்தால் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நடு பேரிங்கின் ரப்பர் வெடித்திருந்தால் ஆட்டம் தெரியும், 60, 70 கி.மீ. வேகத்தில் சீட்டுக்கு அடியில் அதிர்வாக வரும். கப்ளிங்குக்குப் போகும் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பச்சை இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஓட்டத்தில் வரும் ஓசையைப் பிரித்தறியவும் வழி உண்டு. வண்டியை இடம், வலம் என்று திருப்பும்போது ஊங்காரம் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்றால் க்ரௌன் பல். பேரிங் சின்ன வேலை. க்ரௌன் பெரிய வேலை.

கடைசியாக, ஃபோர் வீல் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மணலோ சேறோ உள்ள இடம் வேண்டும். முன் சக்கரத்தை அதில் இறக்கி, டூ வீலில் வைத்து மெல்ல எடுங்கள், முன் சக்கரம் வழுக்கும். லாக்குக்குத் திருப்பி, மறுபடி எடுங்கள். பின்னாலிருந்து தள்ளுவது போல வண்டி வெளியே வர வேண்டும். வெளியில் ஒருவரை நிற்க வைத்துப் பின் சக்கரம் சுழல்வதைப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த மண்ணில் லாக்கில் வைத்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடித்தால் லேசான இறுக்கம் தெரியும், அதுவும் நல்ல அறிகுறி. பிறகு ரெனோவின் கிளிப் ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில் போட்டு ஃபோர் வீல் மாடியூலில் பழைய ஃபால்ட் கோடு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சாதாரண ஓபிடி கருவிகள் பல இன்ஜினை மட்டும்தான் படிக்கும்.

சென்னையிலிருந்து வரும் வண்டி என்றால் வெள்ளம் பார்த்ததா என்று கட்டாயம் தேடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையும் நிறைய கார்களை மூழ்கடித்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், கார்ப்பெட்டைத் தூக்கினால் மக்கிய வாடை. ஆல் வீல் டிரைவில் பின்னால் கூடுதல் ஒயரிங்கும் எலக்ட்ரானிக்ஸும் இருப்பதால் மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

டில்லி வண்டிகள் இன்னொரு தூண்டில். பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசலுக்குத் தலைநகரில் கெடுபிடி வந்த பிறகு அங்கிருந்து மலிவாகத் தெற்கே வந்தவை ஏராளம். என்ஓசி, அதாவது படிவம் 28, வாங்கி இங்கே ஆயுள் வரியை மறுபடி கட்டி, நம்பர் மாற்றும் வரை ஆகும் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். உள்ளூர் வண்டிக்கு படிவம் 29, 30. லோன் இருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்சியில் ஹைப்பாதிகேஷன், அதாவது வங்கிக் கடன் பதிவு, நீங்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், லோன் எல்லாம் தெரியும். ஒன்றைக் கவனியுங்கள்: 2014 பதிவு வண்டிக்கு ஆர்சி 2029இல் முடியும். பிறகு எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதனால் 2017, 2018 வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயமே.

எல்லோருக்கும் டஸ்டர் பொருந்தாது. ஏழு பேர் என்றால் எக்ஸ்யூவி500 ஆல் வீல் டிரைவைப் பார்க்கலாம். மூன்றாவது வரிசையை விரித்தால் சாமானுக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும். கல்லும் ஓடையும் தாண்டும் தோட்டப் பாதை தினமும் உண்டு என்றால் லோ ரேஞ்ச் உள்ள சஃபாரி ஸ்டார்ம்தான் சரி, டவுன் பார்க்கிங்கில் கஷ்டப்படத் தயாராக இருங்கள். பழைய ஸ்கார்ப்பியோவில் பக்கவாட்டு ஜம்ப் சீட் உள்ள மாடலில் குழந்தைகளைப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னி இப்போது செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கிறது. பெட்ரோல், நம்பகமான வண்டி, லோ ரேஞ்ச் உண்டு. நாலு சீட்டும் 208 லிட்டர் டிக்கியும்தான் அதன் எல்லை. மூன்று கதவு தாரில் அம்மா அப்பாவைப் பின்னால் ஏற்றுவது கொடுமை. ஃபார்ச்சூனர் நல்ல வண்டிதான், ஆனால் பழசுக்கே கேட்கும் விலையில் டஸ்டரை வாங்கி, பல வருடம் பராமரித்து, மிச்சமும் வைக்கலாம்.

வாங்கிய வாரமே செய்ய வேண்டியது: மாற்றிய பில் இல்லையென்றால் டைமிங் பெல்ட் செட், பிறகு இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில், டிரான்ஸ்ஃபர் ஆயில், பின் க்ரௌன் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில். டிரான்ஸ்ஃபரும் க்ரௌனும் தனித்தனி ஆயில். இரண்டையும் மாற்றினார்களா என்று கடையில் பக்கத்தில் நின்று பாருங்கள், வடித்த ஆயிலில் இரும்புத் தூள் மின்னுகிறதா என்றும் பாருங்கள். டயரை 8,000 கி.மீ.க்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் தேய்மானம் சமமாக இருக்கும். ஒரு டயர் வெடித்துப் போனால், மற்றவை பாதிக்கு மேல் தேய்ந்திருக்கும்பட்சத்தில் நாலையும் மாற்றுங்கள். வெயில் காலம் முழுவதும் டூ வீலிலேயே ஓட்டுபவர்கள் மாதம் ஒரு தடவை மண் ரோட்டில் லாக்கில் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள். ஏதாவது பழுது இருந்தால் மழை தொடங்கும் முன்பே எச்சரிக்கை விளக்கு காட்டிக் கொடுத்துவிடும்.